ஒழுகும் வாளி தொடர்பாக மாப்பிள்ளை அவர்களுக்கு

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இவ்விடம் நலம் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் வேலை பார்த்த காலமெல்லாம் ரெக்கார்டு ரூமில் பிறர் எழுதிய பொய்களைப் பத்திரமாகக் காத்தவன் நான். புதிதாக ஒன்றை என் கையாலேயே எழுத மனம் வரவில்லை. அவ்விடம் நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனை எடுக்காதவர்கள் பொதுவாக நலமாகத்தான் இருப்பார்கள். அதனால்தான் இதை உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன்.

விஷயம் வேறொன்றுமில்லை. நீங்கள் விட்டுவிட்டுப் போன மீன் தொட்டி ஒழுகுகிறது. தொட்டி என்று சொன்னால்கூட அதற்குப் பழி. கண்ணாடியில் சொட்டு ஈரம் கிடையாது. அதன் கீழே பழைய பெயிண்ட் வாளியின் பக்கத்தில் ஓட்டை போட்டு, தண்ணீர்க் குழாய்க்காக நட்டும் வாஷருமாக ஒரு டேங்க் நிப்பிள் மாட்டி, பஞ்சும் கூழாங்கல்லும் அடைத்து, "கடையில வாங்குறதெல்லாம் வேஸ்ட் மாமா, நானே செஞ்சுட்டேன்" என்று என்னைக் குனிய வைத்துக் காட்டினீர்களே, அந்த ஃபில்டர்தான் ஒழுகுகிறது. வாளி வளைவாக இருக்கிறது, வாஷர் தட்டையாக இருக்கிறது, இரண்டும் எப்படி ஒட்டும் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது. மாப்பிள்ளையிடம் குறை சொல்லக் கூடாது என்று "பிரமாதம்" என்று சொல்லி வைத்தேன். அந்தப் பிரமாதத்தைத்தான் இப்போது துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறோம்.

தண்ணீர் தரையோடு நின்றிருந்தால் நானும் இத்தனை தூரம் எழுத மாட்டேன். நம் முன்னறைத் தரையில் விரிசல் இருப்பதும், அந்த விரிசலுக்கு நேர் கீழே பல் டாக்டருடைய நாற்காலி இருப்பதும் உங்களுக்குத் தெரியும். அதில் ஒரு அம்மாள் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தபோது மேலேயிருந்து ஒரு சொட்டு சரியாக உள்ளே விழுந்திருக்கிறது. டாக்டர் ஏதோ மருந்து விடுகிறார் என்று நினைத்து அந்த அம்மாள் விழுங்கியும் விட்டார். டாக்டர் படியேறி வந்து, "சார், என் பேஷண்ட் வாய்ல உங்க மீன் தண்ணி விழுது" என்று மெதுவாகத்தான் சொன்னார். தங்கமான மனிதர். இப்போது நாற்காலியை மூலைக்குத் தள்ளிப் போட்டிருக்கிறார். அங்கே வெளிச்சம் போதாமல் ஒருவருக்குச் சொத்தைப் பல்லை விட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டதாகப் பேச்சு. நான் விசாரிக்கவில்லை.

சரி, நாமே பார்ப்போம் என்று ஆழம் தெரியாமல் காலை விட்டேன். வாளிக்கு வெளியே வாஷர் இல்லாததைக் கண்டு, கோளாறைப் பிடித்துவிட்டேன் என்று கடைக்கு ஓடி இரண்டு வாங்கி வந்து ஒன்றின் மேல் ஒன்றாக வெளியே மாட்டினேன். உள்ளே ஏற்கெனவே ஒன்று இருந்தது. அதைத் தேவையில்லை என்று எடுத்து ஜன்னலில் வைத்தேன். அதுவரை சொட்டியது, அதன் பிறகு ஓடியது. அப்புறம் சிலிக்கான் பசை. புளித்த வாடை அடிக்கும் அந்த வஸ்துவை ஈரத்தின் மேலேயே அப்பினேன். வாளியைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒட்டியது. என் மூக்குக்கண்ணாடியின் ஒரு காது இன்னும் மடங்கவில்லை. ஒரு கால் விரைத்த வெட்டுக்கிளி மாதிரி அதை மேஜை மேல் வைத்திருக்கிறேன்.

பிறகு குழாய்க்காரரைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "இது பைப் லீக் இல்ல சார், வாளி லீக். வாளி நம்ம வேலையில வராது" என்றார். நானும் அரசாங்க ஆபீஸில் இருந்தவன்தான். இந்தப் பதிலை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். வாங்கிக்கொள்ளும்போதுதான் அதன் எடை தெரிகிறது. கெஞ்சியதன்பேரில் பெரிய ரெஞ்சை எடுத்து, "இறுக்க இறுக்க நிக்கும்" என்று தம் கட்டி ஒரு திருகு திருகினார். இரண்டு வாஷரும் பிதுங்கி நாக்கை நீட்டின. "இதுக்கு மேல வாளிய மாத்திருங்க" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போனார். கழுவியது ஒழுகிய தண்ணீரில்.

மோட்டாரை நிறுத்தினால் ஒழுகாதே என்று நீங்கள் கேட்கலாம். நிறுத்தினேன். பகல் சாப்பாடு முடிந்து பார்த்தால் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறக்கின்றன. ஒன்று சாய்ந்துவிட்டது. அப்போதுதான் உங்கள் மனைவி அறையிலிருந்து வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த நாள்முதல் சுவரைப் பார்த்தே படுத்திருப்பவள், குளிக்கவும் சாப்பிடவும் நான் சொல்லித்தான் எழுந்திருப்பவள், யாரும் கூப்பிடாமல் வந்தாள். சுவிட்சைப் போட்டாள், செத்ததை எடுத்துக் காகிதத்தில் மடித்தாள், தரையைத் துடைத்துப் பிழிந்தாள், மறுபடி போய்ப் படுத்துக்கொண்டாள். அதிலிருந்து துடைப்பது மட்டும் அவள் வேலை. என்னைத் தொட விடுவதில்லை.

மாப்பிள்ளை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தொட்டி எதற்காகச் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். குழந்தையின் கட்டிலுக்கு நேரே வைத்தால் மீனைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிடும் என்று சொன்னீர்கள். குழந்தை வீட்டுக்கே வரவில்லை. கட்டிலை நான்தான் பிரித்துப் பரணில் போட்டேன். நீங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒரு நாள் அழுதிருக்கலாம். நீங்கள் வாளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். "அழக்கூட வராதா உங்களுக்கு? இதையும் எடுத்துக்கிட்டு எங்கயாவது போயிடுங்க" என்று அவள் சொன்னது அடுப்படியில் நின்ற எனக்கும் கேட்டது. நீங்கள் போனீர்கள், இதை விட்டுவிட்டுப் போனீர்கள். உங்கள் அத்தை உயிரோடு இருந்திருந்தால் வாசலிலேயே மறித்திருப்பாள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. கையில் கரண்டியோடு நின்றேன்.

ஆகவே தெரிவிப்பது என்னவென்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் நேரில் வந்து மேற்படி தொட்டி, வாளி, மோட்டார், மிச்சமிருக்கும் மீன்கள் சகலத்தையும் எடுத்துப் போகவும். தவறினால் எல்லாவற்றையும் மீன் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிடுவேன். பிறகு என்னைக் குறை சொல்லிப் பயனில்லை.

நேரத்துக்குச் சாப்பிடவும். வெயிலில் அலைய வேண்டாம். நீங்கள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, முன்கூட்டியே சொல்லி வைப்போம் என்று மீன் கடைக்காரருக்குப் போன் செய்தேன். "வந்து எடுத்துட்டுப் போங்க" என்று நான் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. எழுந்து வந்தாள். மோட்டாரை நிறுத்தி, வாளியைக் காலி செய்து, நட்டைக் கழற்றி, என் பசையையெல்லாம் பிளேடால் சுரண்டினாள். ஜன்னலில் கிடந்த வாஷரை எடுத்து உள்பக்கம் வைத்து, நட்டை வெறும் கையாலேயே திருகினாள். "வாஷர் தண்ணி இருக்கிற பக்கம்தான்பா இருக்கணும். முதல்ல நட்டுதான் கொஞ்சம் தளர்ந்திருந்துச்சு. ரெஞ்சே வேண்டாம், கையால போதும்" என்றாள். தண்ணீரை ஊற்றி ஓட விட்டோம். ஒரு சொட்டு இல்லை.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டேன்.

"அவர் மாட்டும்போது நான்தானே டார்ச் பிடிச்சேன்."

"தெரிஞ்சுமா இத்தனை நாள் துடைச்சுக்கிட்டு இருந்தே?"

"ஒழுகுதுன்னாவது வருவார்னு இருந்தேன்பா. தொட்டியே போகப் போகுது, இனிமே எதுக்கு?" என்றாள். துடைக்கிற துணியை அலசிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாப்பிள்ளை, தரை காய்ந்து கிடக்கிறது. ஒழுகின வரைக்கும் எனக்கு எரிச்சல்தான் இருந்தது, இப்போது பயமாக இருக்கிறது. ஆகவே மேலே எழுதியது அனைத்தையும் ரத்து செய்கிறேன். தொட்டியை எடுக்க யாரும் வர வேண்டாம். மீன் கடைக்காரரிடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் வாருங்கள்.

அவள் கண் அசந்த நேரத்தில் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தி வைத்திருக்கிறேன். மறுபடி சொட்ட ஆரம்பித்திருக்கிறது. அவள் எழுந்து பார்த்தாள், என்னையும் பார்த்தாள். கொடியிலிருந்து துணியை எடுத்துக்கொண்டு வந்து துடைக்கிறாள், நட்டைத் தொடவில்லை. சீக்கிரம் புறப்படுங்கள். பல் டாக்டர் நல்லவர்தான், ஆனால் ரொம்ப நாள் தாங்க மாட்டார்.