ஊரறியத் தாரேன்

“தாரேன்னு சொல்லத்தான சொல்றேன் தலைவரே, குடுக்கவா சொல்றேன்?” முனீஸ்வரன் கெஞ்சாத குறைதான்.

“வாய்ல வரமாட்டேங்குது தம்பி” என்றார் உக்கிரபாண்டி.

திருவிழாக் கமிட்டித் தலைவர். கமுதிப் பக்கம் பாதி மிளகாய்க் காடு அவருடையது. அப்பா வேஷத்தை அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டார். கடைசிக் காட்சியில் மகளைக் காதலிக்கிறவனைக் கட்டிப்பிடித்து, “எம் மக செல்விய ஒனக்குத் தாரேன் மாப்ள” என்று சொல்ல வேண்டும். அந்த இடம் வந்ததும் தாடை பூட்டிக்கொள்ளும்.

முனீஸ்வரனுக்கு இது முதல் நாடகம். மதுரையில் இயக்குநர் பயிற்சி முகாமுக்குப் போய்வந்த தைரியத்தில் இறங்கிவிட்டான். காப்புக் கட்டியாயிற்று. அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

‘நடிகனுக்கு வசனம் சொல்லிக் கொடுக்காதே, உணர்ச்சியைத் தட்டி எழுப்பு’ என்று முகாமில் சொன்னது ஞாபகம் வந்தது.

“ஒங்களுக்கு உசுரான ஒண்ண நெனச்சுக்கிட்டுச் சொல்லுங்க.”

உக்கிரபாண்டி கண்ணை மூடித் தம் மஞ்சுவிரட்டுக் காளையை நினைத்தார். “எவனுக்கும் தரமாட்டேன்!” என்று எதிரே நின்ற வாகீசனைத் தள்ளினார். அவன் ஸ்பீக்கர் பெட்டிமேல் போய் விழுந்தான். மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து கோயிலுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவன். காதலன் வேஷத்தைத் தானாக வந்து கேட்டவன்.

“பரவாயில்லை அண்ணை, திரும்பச் செய்வம்” என்று முழங்கையைத் தடவினான்.

“அப்பக் கோவத்த மொதல்ல கொட்டித் தீத்துருங்க தலைவரே.”

கொட்டினார். வாகீசனின் சட்டை கிழிந்தது. கோபம் மட்டும் தீரவில்லை. மறுநாளும் அதோடேயே வந்தார். ஒத்திகைக்கு டீ கொண்டுவந்தவர்கூடத் தூரத்திலேயே வைத்துவிட்டு ஓடினார்.

முனீஸ்வரனுக்குக் கடைசியாக ஒரு வழிதான் மிச்சம். தள்ளி நின்றுகொண்டு சொன்னான்:

“செல்வி வேண்டாம். ஒங்க மக பேரையே சொல்லிப் பாருங்களேன்.”

மகள் ஜெயப்பிரியா பக்கத்திரைக்குப் பின்னால்தான் இருந்தாள். மேடையேறக் கூடாது, வசனம் எடுத்துக் கொடுக்கலாம் என்பது அய்யாவின் உத்தரவு.

உக்கிரபாண்டி திரையைப் பார்த்தார். குரல் தழுதழுத்தது. “எம் மக ஜெயப்பிரியாவ... ஒனக்குத் தாரேன் மாப்ள.”

முனீஸ்வரனுக்குப் புல்லரித்தது. ஆனால் புதுச் சிக்கல்: இப்போது ‘செல்வி’ அவர் வாயில் நுழையவே இல்லை.

“ஊரு முன்னால ஒம் பேரச் சொல்லிட்டார்னா?” என்று ஜெயப்பிரியாவிடம் கையைப் பிசைந்தான்.

“பேருதானண்ணே, இருந்துட்டுப் போகட்டும்.”

விழா அன்று தெருவெல்லாம் கூட்டம். உக்கிரபாண்டி கண்ணீர் வழிய வாகீசனைக் கட்டிக்கொண்டார். “எம் மக ஜெயப்பிரியாவ ஒனக்குத் தாரேன் மாப்ள!” கைதட்டலில் சொக்கி, எழுதாத வசனம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டார்: “ஊரறியத் தாரேன்!”

திரை விழுந்தது. முனீஸ்வரனுக்கு அன்றைக்குத்தான் மூச்சே வந்தது. வாகீசன் மட்டும் அவர் காலைப் பிடித்தபடியே கிடந்தான்.

“நாடகம் முடிஞ்சிருச்சுப்பா, எந்திரி” என்றார் உக்கிரபாண்டி.

அவன் எழவில்லை. பக்கத்திரையை விலக்கிக்கொண்டு வந்த ஜெயப்பிரியா, அவனுக்குப் பக்கத்தில் விழுந்து கும்பிட்டாள்.

“அய்யா, ரெண்டு பேரையும் சேத்தே ஆசீர்வாதம் பண்ணிருங்க.”