சி.ஐ.டி.யின் பதினொரு சீட்டுகள்

காஞ்சிபுரத்தில் இதுவரை பிறந்தவர்களில், இனிப் பிறக்கப் போகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம், எங்கள் சி.ஐ.டி.யைப் போல் சந்தேகப்படுவதற்கென்றே பிறந்த ஆள் வேறு கிடையாது. கோயிலில் அர்ச்சகர் தீபாராதனைத் தட்டை நீட்டினால் நீங்களும் நானும் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அவன் மட்டும், இத்தனை பேர் நிற்கும்போது தன்னிடம் ஏன் முதலில் நீட்டினார் என்று யோசிப்பான். அதற்குள் தட்டு நாலு பேரைத் தாண்டிப் போயிருக்கும். தாண்டிப் போனதையும் சந்தேகப்படுவான்.

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வகுப்பில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால், பக்கத்தில் யார் யார் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் "எஸ் சார்" சொல்வான். சில நாள் பார்த்து முடிப்பதற்குள் அடுத்த பெயர் போய்விடும். வருகைப் பதிவேட்டின்படி அவன் பாதி நாள் கல்லூரிக்கே வரவில்லை.

அறுபதுகளின் கடைசி அது. எங்கள் கல்லூரிக் கால்பந்து அணிக்கு அவன்தான் கேப்டன், அவன்தான் கோல்கீப்பர். பதினொரு பேரில் சொந்தமாக பூட்ஸ் வைத்திருந்தவன் அவன் ஒருவன் என்பதால் கேப்டன் ஆனான். கோல்கீப்பர் ஆனதற்குக் காரணம் வேறு. "முதுகுக்குப் பின்னாடி ஒருத்தனும் இருக்கக் கூடாதுபா. கோல் போஸ்ட்டுல நின்னாத்தான் அது முடியும்" என்றான்.

இந்தச் சந்தேகம் அவனுக்குத் தொழிலோடு வந்தது என்று நினைக்கிறேன். பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பம். அப்பா தறியில். சி.ஐ.டி. கிராஃப் தாளில் புடவை டிசைன் போடுவான். தாளில் எந்தக் கட்டத்தைக் கறுப்பாக்குகிறானோ அங்கே சரிகை வரும். அவன் அண்ணன் அந்தத் தாளைப் பார்த்து அட்டைகளில் துளை போட்டு முதலாளியிடம் கொடுப்பார். அந்த அட்டைகளை வேறு தெருவில் இருக்கும் முதலாளியின் தறிகளில் மாட்டினால் மாங்காயும் மயிலும் முந்தியில் வந்து உட்காரும். புது டிசைன் ஒன்றை அடுத்த தெருக்காரன் பார்த்துவிட்டால் போதும், பத்தே நாளில் அதற்கு இரட்டைப் பிள்ளை பிறந்துவிடும். அதனால் அந்த வீட்டில் விருந்தாளி வந்தால் முதலில் கிராஃப் தாளை மூடுவார்கள். தண்ணீர் கொடுப்பதெல்லாம் அப்புறம்தான்.

அந்த வருஷம் எங்கள் தலைக்கு மேல் கத்தி தொங்கியது. நாங்கள் மூன்று வருஷமாக ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. பிரின்சிபால் எங்களைக் கூப்பிட்டு நிறுத்தி, "இந்த சீசன்ல கப்பு வரல்லன்னா டீமைக் கலைச்சுடுவேன். மைதானத்தை பாட்டனி டிபார்ட்மென்ட்டுக்குக் கொடுத்துடப் போறேன். அவங்க மூலிகைத் தோட்டம் போடட்டும்" என்றார். பாட்டனி புரொபசர் மறுநாளே எங்கள் பெனால்ட்டி கட்டத்தில் நின்று மண்ணை முகர்ந்து பார்த்தார். நாங்கள் எல்லோரும் ஓரமாக நின்று பார்த்தோம். சி.ஐ.டி. மட்டும் அவர் பின்னாலேயே போய் அவர் முகர்ந்த இடத்தைத் தானும் முகர்ந்து பார்த்துவிட்டு வந்தான். அந்த மைதானம் போனால் அவனுக்கு உலகத்தில் வேறு எதுவும் கிடையாது. காலேஜ் முடிந்தால் கிராஃப் தாள்தான் என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். "தோட்டமா? எங்கிட்டயா?" என்று மட்டும் சொன்னான்.

அடுத்த வாரம் ஒரு மாஸ்டர் பிளானோடு வந்தான். கார்னர் கிடைத்தால் எப்படிக் கோல் போடுவது என்று கிராஃப் தாளில் மொத்தத்தையும் வரைந்திருந்தான். வரைந்திருப்பதாகச் சொன்னான் என்பதே சரி, ஏனென்றால் அந்தத் தாளை யாருக்கும் காட்டவில்லை. ஆளுக்கு ஒரு சின்னச் சீட்டு கொடுத்தான். அவனவன் எங்கே நின்று எங்கே ஓட வேண்டும் என்பது மட்டும் அதில் இருந்தது.

"உன் சீட்ட மட்டும் பாரு. மத்தவன் சீட்ட எவனாச்சும் கேட்டான்னா அவன் வேலூர் ஆளு."

வேலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றுதான் வருஷா வருஷம் கப்பைத் தூக்கிக்கொண்டு போகும் அணி. சிவப்பு ஜெர்சி. அந்த நிறத்தில் தக்காளியைப் பார்த்தால்கூட சி.ஐ.டி.க்கு ஆகாது.

"படிச்சிட்டு சீட்ட வாயில போட்டு முழுங்கிடுங்க" என்றான்.

பதினொரு பேரும் கிராஃப் தாள் தின்றோம். ரைட் ஹாஃப் ஆடியவன் மட்டும் தொட்டுக்கொள்ள ஊறுகாய் இருக்கிறதா என்று கேட்டான். அவனை இரண்டு நாள் ஆட்டத்தில் சேர்க்கவில்லை.

முதல் பயிற்சியிலேயே மூன்று பேர் மோதி விழுந்தார்கள். மூன்று பேரும் தங்கள் சீட்டின்படி சரியாகத்தான் ஓடினார்கள். யார் எந்த வழியில் வருவான் என்று ஒருவருக்கும் தெரியாததால் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு சாலையைக் கடப்பதுபோல ஓடினோம். "பழகப் பழகச் சரியாப் பூடும்" என்றான் சி.ஐ.டி.

என் கதை தனி. நான் லெஃப்ட் பேக். என் அக்காவை வேலூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். இந்த விஷயம் அவனுக்குத் தெரிந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போனது.

"உங்க அக்கா வீடு வேலூரு தானே?"

"ஆமாம்பா."

"லெட்டர் வருதா?"

"வருது."

"இன்னா எழுதுது?"

"இன்னா எழுதும், மாடு கன்னு போட்டிருக்குதாம்."

"இன்னா கலர் மாடு?"

"செவப்பு."

நோட்டை எடுத்து எழுதிக்கொண்டான். அதற்கப்புறம் அந்த மாடு எத்தனை லிட்டர் கறக்கிறது என்பதுவரை மாதாமாதம் அவனிடம் வாக்குமூலம் கொடுத்தேன். அக்காவின் மாமியார்கூட அந்த மாட்டை அவ்வளவு விசாரித்திருக்க மாட்டாள்.

என் சீட்டில் கோடே இல்லை. ஒரே ஒரு புள்ளி. எதிரணி பெனால்ட்டி கட்டத்தின் இடது ஓரத்தில்.

"கார்னர் கெடச்சா நீ அங்க வந்து நில்லு" என்றான்.

"நின்னுக்கினு?"

"நின்னுக்கினு இரு. அவ்ளோதான்."

"பந்து வந்தா?"

"வராது. உன்னால ஒரு கெடுதலும் ஆவாத எடம் மைதானத்துலயே அது ஒண்ணுதான். உன்ன நான் நம்பல, தெரிஞ்சுக்கோ."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. உண்மையைச் சொன்னால், கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம்.

சீசன் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் எல்லோரையும் நம்பர் ஜெர்சியை ஒருவருக்கொருவர் மாற்றிப் போட வைத்தான், எதிரிக்கு யார் யாரென்று தெரியக் கூடாதாம். நடுவர், ஃபவுல் செய்தவனை விட்டுவிட்டு ஓரமாக நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவனை எச்சரித்தார். எதிரணி குழம்பிப்போய்த் தங்கள் கோலிலேயே ஒரு பந்தைத் தள்ளியது. நாங்கள் ஜெயித்தோம். இரண்டாவது ஆட்டத்துக்கு எதிரணியின் பஸ் வழியில் நின்றுபோய் அவர்கள் வரவே இல்லை. அதிலும் எங்களுக்கே வெற்றி. ஆனால் சி.ஐ.டி. வீட்டுக்குப் போக மறுத்துவிட்டான். "வராத மாதிரி நடிக்கறானுங்க" என்று இருட்டும்வரை கோல் போஸ்ட்டில் நின்றான். மூன்றாவது ஆட்டத்தில் வெளியூர்க் கல்லூரி எங்களுக்குக் காபி கொடுத்தது. "சக்கர ஜாஸ்தியா இருக்குது. எதுக்கு?" என்று கேட்டு அத்தனை டம்ளரையும் செடிக்கு ஊற்ற வைத்தான். தாகத்தில் நாக்கு வறண்டு ஆடினோம். ஆட்டத்தைச் சீக்கிரம் முடித்துத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்ற வெறியில் நாங்கள் இரண்டு கோல் போட்டுவிட்டோம்.

இப்படியாக, யாரும் நம்ப மாட்டீர்கள், ஃபைனலுக்கு வந்துவிட்டோம். எங்கள் மைதானத்திலேயே ஆட்டம். எதிரில் சிவப்பு ஜெர்சி.

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. எல்லோரும் முன்னால் ஓடினோம். நான் என் புள்ளியில் போய் நின்றேன். எங்கள் பக்கத்து கோலில் சி.ஐ.டி. தனியாக இருந்தான். வேலை இல்லாத நேரத்தில் அவன் என்ன செய்வான்? கூட்டத்தைச் சந்தேகமாகப் பார்த்தான். அவனுக்குப் பக்கத்தில்தான் சாமியானா. அதில், கப்பைக் கொடுப்பதற்காக பிரின்சிபாலின் மனைவி புதுப் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார். காற்றில் அந்த அம்மாவின் முந்தி விரிந்து பறந்தது.

முந்தியில் ஒரு கால்பந்து மைதானம் இருந்தது. பதினொரு புள்ளிகளும், ஓடும் வழிகளும், எல்லாம் சுத்தச் சரிகையில். ஒரு மைதானம் இல்லை, முந்தியின் அகலம் முழுக்க எட்டு மைதானம்.

இங்கே கார்னர் அடித்தாயிற்று. சீசனிலேயே முதல் தடவையாக யாரும் யார்மேலும் மோதவில்லை. ஒருவன் விட்ட இடத்தில் இன்னொருவன் இருந்தான், அவன் தட்டிய இடத்தில் மூன்றாமவன் இருந்தான். எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது. பந்து உருண்டு உருண்டு, வரவே வராது என்று அவன் சொன்ன இடத்துக்கு, என் காலடிக்கு வந்து நின்றது. எதிரில் கோல் திறந்து கிடந்தது.

அப்போது மைதானத்தின் மறுகோடியிலிருந்து ஒரு கூச்சல். "தொடாதே! டிசைன் வெளிய பூட்ச்சு! யாரும் எதையும் தொடாதீங்க!"

நான் தொடவில்லை. தொட்டு ஏதாவது ஆனால் அந்தச் சிவப்பு மாட்டையும் சேர்த்து என் தலையில் கட்டுவான். சிவப்பு ஜெர்சிக்காரன் ஒருவன் என் காலடியிலிருந்து பந்தை மரியாதையாக எடுத்துக்கொண்டு மைதானம் முழுக்கத் தனியாக ஓடினான். எங்கள் கோலில் ஆள் இல்லை. கோல்கீப்பர் சாமியானாவில் குனிந்து, பிரின்சிபால் மனைவியின் முந்தியில் புள்ளி எண்ணிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா, கோலை விட்டுட்டு இங்க என்ன பாக்கற?"

"அம்மா, இந்தப் பொடவைய எங்க வாங்கனீங்க?"

"இந்த ஊர்லதான். புள்ளிக்கோல முந்தின்னு கடையில சொன்னாங்க."

"இது கோலம் இல்லீங்க."

"பின்ன என்ன?"

"சொல்ல முடியாதுங்க. வேலூர்க்காரங்க பக்கத்துல நிக்கறாங்க."

அதற்குள் அந்த வேலூர்க்காரன் கோல் போட்டுவிட்டிருந்தான்.

கப்பு போனது. சி.ஐ.டி. நேராக வீட்டுக்கு ஓடி அண்ணன் முன்னால் நின்றான். அவனைப் பிடித்து நாலு வார்த்தை கேட்பதற்காகப் பின்னாலேயே ஓடிய நாங்களும் வாசலில் நின்றோம்.

"எங்க டீமு பிளான எவனுக்குக் குடுத்த?"

"எந்தப் பிளானு? மேச மேல டிசைன் கட்டுல புதுசா ஒரு கிராஃப் இருந்துச்சு. எப்பவும்போல அட்ட அடிச்சுட்டு, தாள கட்டுலயே வெச்சுட்டேன். புள்ளி புள்ளியா அழகா இருந்துச்சேப்பா. நீ போட்டதுலயே இதான் நல்ல டிசைனுன்னு மொதலாளியே சொன்னாரு."

ரகசியத்தை ஒளிக்க ஊரிலேயே பத்திரமான இடம் எது என்று மூன்று நாள் யோசித்து, யாரும் தேட மாட்டார்கள் என்று புடவை டிசைன் கட்டுக்கு நடுவே அவனே செருகி வைத்திருக்கிறான். கோயில் அர்ச்சகரை, பாட்டனி புரொபசரை, என்னை, என் அக்காவின் மாட்டைச் சந்தேகப்பட்டவன், தன்னை மட்டும் சந்தேகப்பட மறந்துவிட்டான். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்தபோது, கேட்க வைத்திருந்த நாலு வார்த்தையும் எங்களுக்கு மறந்துபோனது.

மறுநாள் பிரின்சிபால் மைதானத்தில் வேலி போட ஆள் கூப்பிட்டிருந்தார். அந்த அம்மா சி.ஐ.டி.யை அழைத்து, முந்தியில் இருப்பது என்ன என்று தெரிந்தே ஆக வேண்டும் என்றார். அவன் பிரின்சிபால் அறைக் கதவைச் சாத்தி, ஜன்னலையும் சாத்தி, பிரின்சிபாலையும் வெளியே நிற்க வைத்துவிட்டு அரைமணி நேரம் விளக்கினான். கதவு திறந்தது. அந்த அம்மா தன் கணவரிடம், "இதுல இருக்கற மாதிரி இந்தப் பிள்ளைங்க ஒரு கோல் போடறதை நான் பார்த்தாகணும். அதுவரைக்கும் செடியை வேற எங்கயாவது வைக்கச் சொல்லுங்க" என்றார். வேலிக்காரர்கள் திரும்பிப் போனார்கள். வெளிப்பட்டுவிட்ட ரகசியம் மைதானத்தைக் காப்பாற்றிவிட்டது.

போகும்போது அந்த அம்மா என் முன் நின்று, மேலும் கீழும் பார்த்து, "நீதானா அது?" என்றார். அங்கேயும் என்னை உளவாளி என்று சொல்லிவிட்டான் பாவி என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சில வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். சி.ஐ.டி. வந்தான். மாப்பிள்ளை நான்தானா என்று இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டு ஒரு பொட்டலத்தைக் கொடுத்தான். அதே முந்தி போட்ட புடவை. வரவேற்பில் என் மனைவி அதை உடுத்திக்கொண்டு பக்கத்தில் நின்றபோதுதான் நான் அந்த மைதானத்தை நிதானமாகப் பார்த்தேன். கார்னர் அடிக்கும் மூலையிலிருந்து ஒரு கோடு, அதிலிருந்து இன்னொன்று, விரல் வைத்துக்கொண்டே போனேன். எல்லாக் கோடுகளும் கடைசியில் இடது ஓரத்தில் ஒரே ஒரு புள்ளியில் வந்து முடிந்தன. அந்தப் புள்ளி மட்டும் பூவாக இருந்தது.

அவனை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"டேய், கோல் போட வேண்டியது நானாடா?"

இரண்டு பக்கமும் பார்த்தான். பந்தியில் என் அக்காவின் மாமனார் வீட்டார் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மெதுவாப் பேசுபா" என்றான். "வேலூர்க்காரங்க காதுல வுழப் போவுது."

அந்தப் புடவை இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது. என் மனைவி அதை எடுக்கும்போதெல்லாம், முந்தியை உள்பக்கமாக மடித்து வை என்று சொல்வேன். ஏன் என்று கேட்பாள். யாராவது பார்த்துவிடுவார்கள் என்பேன்.