முன்னுரை அண்ணாச்சியும் அவர் பாடாத பாட்டுகளும்

பாடியே ரசிகர்களை விரட்டிய பாடகர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் உண்டு. பாடாமலேயே விரட்டியவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். டெல்லி ஜனக்புரியில் எங்கள் குடியிருப்பின் பின்பக்க பிளாக்கில் இருந்தார். பாளையங்கோட்டைக்காரர். தனியார் மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பது வேலை. சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டுப் போட்டு, கிடாரோடு பாடுவது உயிர். பாட்டு மூன்று நிமிடம் என்றால், அதற்கு முன்னால் அவர் சொல்லும் விளக்கம் அரை மணி நேரம். ஞானஸ்நானத்தின்போது நல்ல பெயராகத்தான் வைத்திருப்பார்கள். எங்களுக்கு அவர் முன்னுரை அண்ணாச்சி.

முதன்முதலில் அவரைக் கேட்டது எங்கள் குடியிருப்புப் பொங்கல் விழாவில். தம்போலா விளையாட்டு முடிந்து சாப்பாடு போடுவதற்குள் இரண்டு பாட்டு பாடிக்கொள்ளலாம் என்று அனுமதித்திருந்தார்கள். அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பாட்டு ஒரு கூலரைப் பத்தினது. ஆனா கூலரைப் பத்தினது மட்டும்னு நினைச்சிராதீங்க. கூலர்னா என்னன்னு மொதல்ல சொல்லுதேன்."

டெல்லியில் குடியிருக்கும் நூறு குடும்பங்களுக்கு, ஜன்னலில் மாட்டித் தண்ணீர் ஊற்றும் அந்தத் தகரப் பெட்டியைப் பற்றி விளக்கத் தொடங்கினார். வைக்கோல் திரைக்கு வந்தபோது சாம்பார் வாசனை வந்தது. மோட்டாருக்கு வந்தபோது முன்வரிசை எழுந்தது. ஒருவழியாகக் கிடாரைத் தட்டியபோது மிச்சமிருந்தவர்கள் நான், அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா, நாற்காலியிலேயே தூங்கிவிட்ட ஒரு ரிட்டயர்டு அண்டர் செக்ரட்டரி.

சாப்பிடப் போகலாம் என்று நானும் பாதி எழுந்துவிட்டேன். அப்போது பாடினார்.

"நைட் டூட்டிக்கு நீ போன வீட்டில
கூலர் மட்டும் பேசிக்கிட்டு இருக்குது.
தண்ணி ஊத்த நான் மறந்துபோனா
அதுவும் ஒன்னைப் போல மொகத்தத் திருப்புது."

உட்கார்ந்துவிட்டேன். சுமாரான குரல்தான். ஆனால் வாடகை வீட்டில் மனைவியின் ஷிப்ட் முடியக் காத்திருக்கும் ஒருவனின் வாழ்க்கை முழுதும் அதில் இருந்தது. ஸ்டெல்லா அக்கா நர்ஸ். பையை மடியில் வைத்துக்கொண்டு, தனக்கு எழுதிய பாட்டை யாருக்கோ எழுதியது போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் எங்கே பாடினாலும் போனேன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஒரு தமிழ் மளிகைக் கடையின் மாடியில் பாடுவார். கீழே அப்பளம் வாங்க வந்தவர்களைக் கடைக்காரரே கெஞ்சி மேலே அனுப்புவார். ஒருமுறை ஒரு பெரியவர் ஏதோ சினிமாப் பாட்டைக் கேட்டார்.

"அது வேற ஒருத்தர் பாட்டுங்க. அவர் வந்தா அவர்ட்ட கேளுங்க," என்றார் அண்ணாச்சி, துளியும் கோபமில்லாமல்.

தொழில் பழக்கம் பாட்டிலும் வரும். பல்லவியைக் கூட்டமாகப் பாட வைக்கும்போது, "மூச்சை நல்லா இழுங்க. புடிச்சுக்கோங்க. அசையாதீங்க," என்பார். அடுத்த வரி நினைவுக்கு வரும்வரை "விடுங்க" என்று சொல்ல மாட்டார். பெருங்காயமும் கையுமாக நின்ற ஒரு அம்மாள் முகம் சிவந்து போனதை நானே பார்த்தேன்.

போனை எடுத்துப் பதிவு செய்யப் போனால் மட்டும் பாட்டை நிறுத்திவிடுவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"நாள் பூரா ஜனங்களைப் படம் புடிச்சு ஒறையில போட்டுக்கிட்டு இருக்கேன் தம்பி. பாட்டையாவது விட்ருவோமே."

பிறகு அந்த வாய்ப்பு வந்தது. தெற்கு டெல்லியில் ஒரு பஞ்சாபிப் பெண்மணி நடத்திய காபிக்கடையில் இளைஞர்கள் தாங்களே எழுதிய பாட்டுகளைப் பாடுவார்கள். அந்த அம்மாள் தன் முதுகுவலிக்கு எக்ஸ்ரே எடுக்கப் போன இடத்தில் அண்ணாச்சி முணுமுணுத்ததைக் கேட்டு, அரை மணி நேரம் தருவதாகச் சொல்லியிருந்தார். பாட்டு ஆல்பம் போடும் ஆள் ஒருவரும் வருவதாக ஏற்பாடு. அண்ணாச்சி புதுச் சட்டை தைத்தார். வாரம் முழுவதும் ஸ்டெல்லா அக்கா ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஏங்க, ஏறின ஒடனே பாடிருங்க. பேசவேண்டாம்."

ஏறினார். எதிரே முழுக்க இந்திக்காரப் பிள்ளைகள். தமிழ் தெரியாதவர்களுக்கு அர்த்தம் தெரிய வேண்டாமா? பேச ஆரம்பித்துவிட்டார். அங்கேதான் சிக்கல். அவருக்குத் தெரிந்த இந்தியெல்லாம் எக்ஸ்ரே அறை இந்தி.

"மேரி பீவி நைட் டூட்டி. மை அகேலா," என்று தொடங்கினார். மனைவி வேலைக்குப் போய்விட்டாள், நான் தனி. அதுவரை சரி. தனிமையில் படுத்திருப்பதைச் சொல்ல வேண்டும். "லேட் ஜாயியே," என்றார். படுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் சிரித்தது. தூக்கம் வராததைச் சொல்ல வேண்டும். "ஹிலியே மத். லம்பி ஸான்ஸ் லீஜியே." அசையாதீர்கள், மூச்சை இழுங்கள். அவ்வளவுதான், மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணாச்சி இன்னும் தெளிவாகப் புரியவைக்கப் பாடுபட்டார். புரியவைக்கப் புரியவைக்கச் சிரிப்பு கூடியது. எனக்கும் சிரிப்பு வந்தது. பக்கத்தில் ஸ்டெல்லா அக்கா தலையைக் குனிந்துகொண்டு, பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

அரை மணி முடிந்தது. ஒரு பாட்டுகூடப் பாடவில்லை. மொத்தக் கடையும் எழுந்து நின்று கைதட்டியது. ஆல்பக்காரர் ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். மாதம் ஒருமுறை வந்து இதையே செய்ய வேண்டுமாம். கிடாரைச் சும்மா தோளில் மாட்டிக்கொண்டு வந்தால் போதுமாம், அது இன்னும் வேடிக்கையாக இருக்குமாம்.

"நஹி ஜி," என்றார் அண்ணாச்சி. அதற்குமேல் இந்தி இல்லை.

மெட்ரோவில் மூன்று பேரும் திரும்பினோம். ஜனக்புரி நெருங்கும்போதுதான் அண்ணாச்சி கேட்டார்.

"நல்லாச் சிரிச்சாங்க, இல்லையா தம்பி?"

"சிரிச்சாங்க அண்ணாச்சி."

"கூலர் பாட்டுக்குப் புதுசா ஒரு சரணம் எழுதிருந்தேன். நல்லா வந்திருந்துது."

அந்தச் சரணத்தை அங்கேயே பாடச் சொல்லிக் கேட்டேன். வண்டிச் சத்தத்தில் கேட்காது என்றார் அக்கா. வீட்டுக்கு வாங்க, பாடுதேன் என்றார் அவர். போகலாம் போகலாம் என்றிருந்தேன். அடுத்த மாதமே ஸ்டெல்லா அக்காவுக்கு அயர்லாந்தில் வேலை உறுதியானது. பெட்டி கட்டும் வீட்டில் பாட்டு எங்கே கேட்பது? கிடாரைப் போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்து டாக்சியில் ஏறினார் அண்ணாச்சி.

இப்போது எங்கள் பிளாக்கில் அவர் பேச்சு வந்தால் எல்லோரும் சிரிக்கிறார்கள். முன்னுரைகளை ஆளுக்கொன்றாக நடித்துக் காட்டுகிறார்கள். பாட்டு எப்படி இருந்தது என்று புதிதாக வந்தவர் யாராவது கேட்டால், ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கே நான்கு வரிதான் நிற்கிறது. ஒரு போனிலும் அவர் குரல் இல்லை.

போன கிறிஸ்துமஸுக்குப் போனில் கூப்பிட்டார். அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் வேலையாம். எக்ஸ்ரே எடுக்க இன்னும் பரீட்சை எழுத வேண்டுமாம். பாடுகிறீர்களா என்று கேட்டேன்.

"குளுர்ல வெரல் மடங்க மாட்டேங்குது," என்றார். பிறகு, "டெல்லில நம்ம பாட்டை யாரும் கேக்காங்களா தம்பி?"

"ஒருத்தர் கேட்டுக்கிட்டேதான் இருக்காரு அண்ணாச்சி," என்றேன்.

யார் என்று அவர் கேட்கவில்லை.