கோகிலவாணி எங்கே வசிக்கிறாள்?

ஒருவர் ஓர் ஊரில் வசித்தால், வசிக்கிறார் என்பதற்கு ஒரு தாள் வேண்டும். நியாயமான ஏற்பாடுதான். தாள் இல்லாமல் வசிப்பவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் வசிப்பது அரசுக்குத் தெரியாது.

சவ்வாது மலையில், காவலூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் சாமைக்கொல்லைமேட்டில் கோகிலவாணி இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தாள் இல்லாமல் வசித்துவந்தாள். யாருக்கும் தொந்தரவு இல்லை. வேளாண்மையில் பட்டம் வாங்கினாள். அப்போதும் தொந்தரவு இல்லை. பிறகு, மலை மண்ணைப் பற்றி ஐரோப்பாவில் மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் முதுகலைப் படிப்பு ஒன்று இருப்பதையும், அதற்கு முழு உதவித்தொகை உண்டு என்பதையும் கண்டுபிடித்தாள். தொந்தரவு தொடங்கியது.

ஏன் படிக்க விரும்புகிறாய் என்று ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருந்தார்கள். அதற்காகச் சந்தவாசலில் 'வெளிநாட்டுக் கனவு வழிகாட்டி மையம்' நடத்தும் வெற்றிச்செல்வனைப் போய்ப் பார்த்தாள்.

"மண்ணுன்னு எழுதாதம்மா. மண்ணு இங்கயே கீது. சின்ன வயசுல காவலூர் டெலஸ்கோப்பப் பாத்து நட்சத்திரக் கனவு கண்டேன்னு ஆரம்பி. பதினாலு பேருக்கு அப்டித்தான் எழுதிக் குடுத்தேன்."

"எத்தினி பேருண்ணா போனாங்க?"

"கனவு கண்டவங்க பதினாலு பேரு" என்றார் அவர், மிகத் துல்லியமாக.

கோகிலவாணி கடிதத்தைத் தானே எழுதினாள். ஒவ்வொரு மழையிலும் அம்மா பாஞ்சாலையின் கொல்லையிலிருந்து மேல்மண் கரைந்து ஓடுவதையும், சாமை விளைச்சல் பாதியாகிவிட்டதையும், அதை நிறுத்தும் வழியைக் கற்றுக்கொண்டு வர வேண்டும் என்பதையும் எழுதினாள். பாஸ்போர்ட், மதிப்பெண் பட்டியல், பேராசிரியர்களின் கடிதங்கள் எல்லாம் தயார். மிச்சம் இருந்தது இருப்பிடச் சான்று ஒன்றுதான்.

கடைசித் தேதி ஜனவரி பதினைந்து. அன்று பொங்கல். ஆகவே அலுவலகக் கணக்கில் பதினான்கு.

இப்போது எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டது. எனவே அவள் ஆன்லைனில் விண்ணப்பித்து, அதைத் தாளில் எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி, மலைமேல் இருக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நேரில் போனாள். அங்கே ஒரு வாரம் தேடியபின் கிராம நிர்வாக அலுவலர் புருஷோத்தமன் கிடைத்தார்.

"உன் வூட்டாண்ட ரெண்டு தபா வந்தேன். நீ இல்ல."

"நான் இங்கதான் சார் இருந்தேன். உங்களப் பாக்க."

"அதைத்தான் நானும் எழுதிகீறேன். 'மனுதாரர் வீட்டில் காணப்படவில்லை.' கதவு வேற தெறந்து கீது. பூட்டு இல்லாத வூட்ல ஆள் இருக்குதுன்னு எப்டி எழுதறது?"

"எங்க ஊர்ல யாருமே பூட்ட மாட்டாங்க சார்."

"அப்ப ஊர்லயே யாரும் இல்லன்னுதான் எழுதணும்."

"நாளைக்கு வூட்லயே இருக்கறேன் சார். வாங்க."

"மூணாவது தபான்னா, மனுதாரர் நேர்ல வந்து கூப்ட்டாத்தான் நான் கெளம்ப முடியும்."

"நேர்ல வந்தா வூட்ல எப்டி சார் இருப்பேன்?"

"அது மனுதாரரோட பொறுப்பு" என்றார் புருஷோத்தமன்.

கோகிலவாணி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் மணியம்மாள் என்ற அம்மாள் இருந்தாள். முதியோர் உதவித்தொகை கேட்டு அவள் கொடுத்த மனு, ஏதோ ஒரு கட்டம் தவறாக நிரப்பப்பட்டிருந்ததாக நான்கு முறை திரும்பி வந்திருந்தது. கோகிலவாணி அதை வாங்கிச் சரியாக நிரப்பிக் கொடுத்தாள். ஐந்தாம் முறை அது திரும்பவில்லை. இச்செய்தி மலை முழுவதும் பரவியது.

அடுத்த வாரம் பெஞ்சுக்கு எதிரே வரிசை நின்றது. பட்டா மாற்றம், சாதிச் சான்று, ரேஷன் அட்டை என்று எல்லா மனுக்களும் அவளிடம் வந்தன. உள்ளே இருந்த எழுத்தர்களே, "அந்தப் பொண்ணாண்ட எழுதினு வா" என்று ஆட்களை அனுப்பினார்கள். விரைவில் அவளுக்கு ஒரு மேசை போடப்பட்டது. மேசையின் காலில் அரசாங்க எண் இருந்தது. சாமைக்கொல்லைமேட்டு வீட்டில் அதுவும் இல்லை. குடும்பக் கணக்கெடுப்புக்கு ஓர் எண், மின்சாரத்துக்கு ஓர் எண், சொட்டு மருந்துக்கு ஓர் எண் என மூன்று எண்கள் எழுதியிருந்ததால், சட்டப்படி அது எண் இல்லாத வீடு.

ஜனவரி பதின்மூன்றாம் தேதி அவள் வட்டாட்சியர் ராஜவேலுவைப் பார்த்தாள். அவர் பொறுமையானவர். விண்ணப்பத்தை முழுவதும் படித்தார்.

"மூணு நாட்டுல படிக்கப் போறியா? ஒரு படிப்புக்கு மூணு நாடா?"

"ஆமாங்க சார்."

"மூணு நாட்டுல வசிக்கப் போற பொண்ணு, இந்த ஊர்ல வசிக்கிறதா நான் எப்டிம்மா கையெழுத்துப் போடறது?"

"இன்னும் போகலைங்க சார். இந்தத் தாள் குடுத்தாத்தான் போக முடியும்."

"அதேதான் நானும் சொல்றேன். இருப்பிடச் சான்று இருக்கறவங்களுக்கு. போறவங்களுக்கு இல்ல."

இந்த உரையாடல் கதவு வழியே வராந்தாவுக்குக் கேட்டது. அங்கே பெரும் கலக்கம் ஏற்பட்டது.

"இன்னாது, பூடறியா?" என்றாள் மணியம்மாள். "பூட்டா எங்க மனுவ யாரு எழுதறது?"

ஒருவருக்கும் தூக்கமில்லை. மறுநாள் காலை நாற்பத்து மூன்று பேர் கூடி, கோகிலவாணியை ஊரை விட்டுப் போகவிடக் கூடாது என்று வட்டாட்சியருக்கு மனுக் கொடுக்க ஒரு மனதாக முடிவு செய்தார்கள். ஒரே ஒரு சிக்கல்தான். மனுவை எழுத ஆள் இல்லை.

"நீயே எழுதிக் குடும்மா" என்றாள் மணியம்மாள், தாளை நீட்டி. "உன் எழுத்துன்னாத்தான் வாங்குவாங்க."

கோகிலவாணி தாளை வாங்கிக்கொண்டாள். பிறகு பேனாவைத் திறந்து, பிழையில்லாமல் எழுதினாள்:

'சாமைக்கொல்லைமேடு கோபால்சாமி மகள் கோகிலவாணி என்பவர் மேற்படி ஊரில் பிறந்து, இருபத்திரண்டு ஆண்டுகளாக வசித்துவருகிறார். அன்னார் தொடர்ந்து அங்கேயே வசித்திடப் பணிவுடன் வேண்டுகிறோம்.'

நாற்பத்து மூன்று பேரும் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். எழுத்தர்கள் அதைத் தங்கள் கையாலேயே உள்ளே கொண்டு போனார்கள். அந்த அலுவலகத்தின் வரலாற்றில், கொடுத்த அன்றே தீர்வு கண்ட முதல் மனு அதுதான். மாலை நான்கு மணிக்கு ராஜவேலு பச்சை மையில் எழுதினார்:

'விசாரித்ததில், மேற்படி கோகிலவாணி மேற்படி ஊரில் நிரந்தரமாக வசித்துவருவது உண்மை எனத் தெரியவருகிறது. பொதுநலன் கருதி, தொடர்ந்து வசிக்க அறிவுறுத்தப்படுகிறார்.'

கீழே கையொப்பம், தேதி, வட்ட முத்திரை. நகல் ஒன்று கோகிலவாணிக்குத் தரப்பட்டது. அவள் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, காவலூரில் சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போய், அதைப் படம் எடுத்து, மொழிபெயர்ப்புடன் விண்ணப்பத்தில் சேர்த்து அனுப்பினாள்.

ஏப்ரலில் அவள் தேர்வானாள். சந்தவாசலில் வெற்றிச்செல்வன் பேனர் வைத்தார். பின்னணியில் டெலஸ்கோப், அதன்மேல் பதினைந்து நட்சத்திரங்கள். அலுவலக வாசலிலும் ஒரு பேனர்: 'எமது வராந்தா ஈன்ற வைரம்.' அவளைப் போகவிடக் கூடாது என்ற நாற்பத்து மூன்று பேரும் மாலை போட்டு வழியனுப்பினார்கள்.

செப்டம்பரில் அவள் முதலாவது நாட்டில் இறங்கினாள். நகர அலுவலகத்தில் குடியிருப்பைப் பதிய வேண்டும் என்றார்கள். போனாள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி அன்பாகச் சொன்னார்: "நீங்கள் பழைய முகவரியில் வசிக்கவில்லை என்று ஒரு சான்று வேண்டும். அது இல்லாமல் இங்கே வசிக்கிறீர்கள் என்று எழுத முடியாது."

கோகிலவாணி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"எப்டிமே கீது ஊரு?" என்றாள் பாஞ்சாலை.

"நம்ம ஊரு மாரியே கீதும்மா. பெஞ்சு மட்டும் வழவழன்னு கீது."

"டிசம்பர்ல இன்னாவோ சான்று கேட்டியே, அதுக்கு இன்னிக்குத்தான் பதில் வந்துச்சு. இல்லன்னுட்டாங்க. பக்கத்து வூட்டு ஆனந்தி படிச்சுக் காட்னா. 'கள விசாரணையில் மனுதாரர் மேற்படி முகவரியில் வசிக்கவில்லை எனத் தெரியவருவதால் நிராகரிக்கப்படுகிறது'ன்னு போட்டுகீது. அடுப்புல போட்டுடவா?"

"அம்மா! போடாத! போட்டோ புடிச்சு அனுப்பு!"

வந்த படத்தை அவள் மொழிபெயர்த்துக் காட்டியதும், அதிகாரி முத்திரையைப் பெரிதாக்கிப் பார்த்து வியந்தார். "கேட்ட மாத்திரத்தில் தருகிறார்களே! இங்கே இதற்கு ஒன்பது மாதம் ஆகும். பதிவு செய்பவர் வியாழக்கிழமைதான் வருவார். அதுவரை காத்திருங்கள்."

கோகிலவாணி மறுபடியும் பெஞ்சுக்கு வந்தாள். பக்கத்தில் வேறு ஏதோ நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெண், கையில் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை மெல்ல இவள் பக்கம் நகர்த்தினாள். கோகிலவாணி பேனாவை எடுத்தாள்.

புதன்கிழமை அந்த அலுவலகத்தார் அவளுக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தார்கள்.