பித்தப்பைக்கு ஒரு விமான டிக்கெட்

நாகரிகத்தின் உச்சி எது என்று யாராவது கேட்டால் யோசிக்கவே வேண்டாம்: அந்தத் தனியார் மருத்துவமனையின் நான்காவது மாடி. கீழ்த் தளங்களில் இருப்பவர்கள் வெறும் நோயாளிகள். இருமுகிறார்கள், முனகுகிறார்கள், பக்கத்துக் கட்டில்காரரிடம் ஃபிளாஸ்க்கை இரவல் கேட்கிறார்கள். நான்காவது மாடியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே படுத்திருப்பவர்கள் 'சர்வதேச விருந்தினர்கள்'. அவர்களுக்கு வியாதி வராது. 'மருத்துவ நிகழ்வு' ஏற்படும்.

அந்த மாடியை ஆண்டுவந்தவர் நம் நல்லுறவு அலுவலர். வேலை நிமித்தமாக ஊருக்கு வந்து தங்கியிருக்கும் வெளிநாட்டவர் யாருக்கு என்ன ஆனாலும், அவர்களுடைய காப்பீட்டுக் கம்பெனியோடு பேசி அனுமதி வாங்குவது அவர் உத்தியோகம். மேஜைக்கு மேலே வரிசையாகக் கடிகாரங்கள். ஒவ்வொன்றும் ஒரு நாட்டு நேரம் காட்டும். உள்ளூர் நேரம் காட்டுவது மட்டும் அதில் இல்லை. அது தெரிய வேண்டுமென்றால் ஜன்னலைத் திறந்து வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கேட்பார்.

அன்று காலை அந்த மருத்துவமனையில் இரண்டு பித்தப்பைகள் இருந்தன. இரண்டிலும் கல்.

முதல் பித்தப்பை தரைத்தளப் பொது வார்டில், கதவோரக் கட்டிலில் இருந்தது. அதற்குச் சொந்தக்காரர் நல்லுறவு அலுவலரின் மாமனார். ஏற்கெனவே இரண்டு தடவை ஆபரேஷன் தள்ளிப்போயிருந்தது. ஒரு தடவை தியேட்டரில் ஏ.சி. ஓடவில்லை. இன்னொரு தடவை மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கே மயக்கம் வந்துவிட்டது. "இதுக்கு மேல தள்ளினா எனக்குப் பொறுப்பில்ல" என்று சர்ஜன் கண்டிப்பாகச் சொல்லி அன்றைக்கு நேரம் குறித்திருந்தார். மாமனார் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், பச்சை அங்கி மாட்டிக்கொண்டு, மோதிரத்தைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டுத் தயாராகப் படுத்திருந்தார்.

இரண்டாவது பித்தப்பை காரில் வந்து இறங்கியது. இந்த நாட்டு மக்கள் எதற்கும் பிறரை எதிர்பார்க்காமல் வாழ்வது எப்படி என்று அரசாங்கத்துக்குப் பாடம் நடத்த வந்திருக்கும் ஆலோசகருடையது அது. விலாவைப் பிடித்துக்கொண்டு இரண்டாக மடிந்து வந்தார். நல்ல மனிதர். உள்ளூர் மொழியை வகுப்பில் சேர்ந்து கற்றவர் என்பதால் வலியிலும் இலக்கணம் பிசகவில்லை.

"ஐயா, எனக்குப் பொறுக்க முடியாத வலி உண்டாகியிருக்கிறது. தயவுசெய்து விரைவில் ஆவன செய்யுங்கள்" என்றார்.

சர்ஜன் மேலே வந்து வயிற்றை அழுத்திப் பார்த்தார், ஸ்கேனைப் பார்த்தார். ஊரில் பித்தப்பையைத் தொடத் தெரிந்த ஒரே சர்ஜன் அவர்தான்.

"கல்லு அடைச்சிருக்கு. இன்னைக்கே எடுத்துடணும்" என்றார். "ஒண்ணும் கஷ்டமில்ல. தியேட்டர் ரெடியா இருக்கு. கீழ பெரியவர் ஒருத்தருக்கு இதே ஆபரேஷன். அவரை முடிச்சுட்டு அடுத்து இவரைப் போட்டுடலாம்."

இவ்வளவு சுலபமாக ஒரு 'மருத்துவ நிகழ்வு' முடிந்துவிட்டால் நிர்வாகம் என்று ஒன்று எதற்கு? நல்லுறவு அலுவலர் பதறிப்போனார்.

"சார், டாக்டர் இங்க இருக்கீங்க, வியாதி இங்க இருக்கு, தியேட்டர் இங்க இருக்கு. எல்லாம் சரி. பாலிசி இங்க இல்லியே சார்!"

காப்பீட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டார். அவருடைய அழைப்பு தங்களுக்கு மிகவும் முக்கியம் என்று பியானோ வாசித்துக்கொண்டே வெகு நேரம் சொன்னார்கள். ஆலோசகர் அதற்குள் தலையணையைக் கடிக்க ஆரம்பித்திருந்தார். கடைசியில் ஒரு பெண்மணி வந்தார். அனுமதிப் பிரிவு அதிகாரி.

"உங்க ஊர்ல ஆபரேஷனுக்கு எங்க பாலிசியில அனுமதி இல்லீங்க. முதலுதவி வரைக்கும்தான். ஆபரேஷன்னா பக்கத்து நாட்டுல நாங்க அங்கீகரிச்ச ஆஸ்பத்திரிக்கு விமானத்துல கொண்டுபோகணும்."

"ரொம்ப நல்ல ஏற்பாடுங்க மேடம். அங்க யாரு ஆபரேஷன் பண்ணுவாங்க?"

அதிகாரி பார்த்துச் சொன்ன பெயரைக் கேட்டு நல்லுறவு அலுவலர் எதிரே நின்ற சர்ஜனை நிமிர்ந்து பார்த்தார். அதே பெயர். மாதத்தில் சில நாள் அந்த ஆஸ்பத்திரிக்கும் போய் ஆபரேஷன் செய்துவிட்டு வருபவர் நம் சர்ஜன்.

"மேடம், அவரு இப்ப இங்க என் எதிர்ல நிக்கிறாருங்க."

"இருக்கட்டுங்க. அங்க இருக்கும்போதுதான் அவரு எங்க பட்டியல்ல இருக்காரு. உங்க ஊர்ல இருக்கும்போது அவரு எப்படிப்பட்ட டாக்டர்னு எங்களுக்குத் தெரியாதே?"

எவ்வளவு நுணுக்கமான சிந்தனை! எல்லை தாண்டினால் பணம் மாறுகிறது, நேரம் மாறுகிறது. ஒரு மனிதரின் கைத்திறமை மட்டும் மாறாது என்று எப்படிச் சொல்ல முடியும்? நல்லுறவு அலுவலர் உளமாரப் பாராட்டினார். பாராட்டிய கையோடு அவர் மூளையில் ஒரு பொறி தட்டியது. விமானத்தில் நோயாளிக்குத் துணையாக ஒரு டாக்டர் போக வேண்டும் என்பது பாலிசியின் விதி. அந்தத் துணை டாக்டராக சர்ஜனையே ஏற்றிவிட்டால் போகிற வழியிலும் அவரே பார்த்துக்கொள்வார், போய்ச் சேர்ந்ததும் அவரே கோட்டை மாற்றிக்கொண்டு கிழித்துத் தைத்துவிடுவார். நான்காவது மாடியின் வரலாற்றில் இப்படி ஒரு 'தடையற்ற சேவை' நடந்ததில்லை. மேலிடத்தில் சொன்னால் அசந்துபோவார்கள்.

சர்ஜன் மட்டும் கொஞ்சம் இழுத்தார்.

"துணைக்கு நம்ம சின்ன டாக்டரை அனுப்புங்களேன். நான் கீழ பெரியவரை முடிச்சுட்டு அடுத்த ப்ளைட்ல போய்ச் சேந்துடறேன். அங்க இவருக்குப் பரிசோதனையெல்லாம் முடியறதுக்கும் நான் போறதுக்கும் சரியா இருக்கும். பெரியவருக்கு இது மூணாவது தடவை. பாவம், வெறும் வயித்தோட கிடக்கார்."

"அட, அவரு வேற யாரும் இல்ல சார், என் மாமனார்தான்!" என்று நல்லுறவு அலுவலர் வாய்நிறையச் சிரித்தார். "நம்ம வீட்டு ஆளு சார். நான் சொல்லிக்கறேன். நீங்க கிளம்புங்க."

இதுதான் விஷயம். வெளியாளைக் காத்திருக்கச் சொன்னால் சண்டைக்கு வருவான். நம் ஆளைச் சொன்னால் என்ன ஆகிவிடும்? அதற்குத்தானே சொந்தம் என்று வைத்திருக்கிறது!

ஆம்புலன்ஸ் கிளம்பியது. ஆலோசகரின் ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் சர்ஜன் சின்னப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். நல்லுறவு அலுவலர் வாசலில் நின்று கையசைத்துவிட்டு, டையைச் சரிசெய்துகொண்டு பொது வார்டுக்கு வந்தார்.

"மாமா, சின்ன மாற்றம். டாக்டர் அவசரமா வெளிநாடு போக வேண்டியதாப் போச்சு. வந்ததும் முதல் ஆபரேஷன் உங்களுக்குத்தான். நான் கண்டிப்பா சொல்லிட்டேன்."

மாமனார் மருமகனையே பார்த்தார். மாப்பிள்ளையிடம் கோபித்துக்கொள்கிற வழக்கம் அவருக்கு இல்லை. "அப்ப நான் ஒரு டீ குடிக்கலாமா மாப்பிள்ளை?" என்றார்.

நர்ஸிடம் விசாரித்து எல்லாம் தெரிந்துகொண்டிருந்த மகள்தான் பொரிந்துதள்ளினாள்.

"என்னங்க இது? அந்த மனுஷனுக்கும் எங்கப்பாவுக்கும் ஒரே வியாதி. டாக்டரும் ஒரே டாக்டர். எங்கப்பா முன்னாடியே வந்து படுத்திருக்காரு. அவரைத் தாண்டி எப்படி அனுப்புவீங்க?"

"உனக்கு நிர்வாகம் புரியாது. அவங்க நம்மள நம்பி நாடு விட்டு நாடு வந்திருக்காங்க."

"நாங்க யாரை நம்பி வந்திருக்கோம்?"

நல்லுறவு என்பது அவருடைய பதவியில் மட்டுமே இருந்தது. மேலே போன் அடிக்கிறது என்று சொல்லிவிட்டுப் படியேறிவிட்டார்.

மாலையில் மாமனாருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. போர்வைமேல் போர்வை போட்டும் கட்டில் ஆடியது. கண்ணின் வெள்ளை மஞ்சளாக மாற ஆரம்பித்திருந்தது. சின்ன டாக்டர் வந்து பார்த்து ஊசி போட்டார், டிரிப்ஸ் ஏற்றினார். "கல்லு நகர்ந்து குழாயை அடைச்சிருக்கும்னு தோணுது. மருந்துல கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம். ஆனா சார் வந்தாத்தான் ஆகும்" என்று ஒதுங்கி நின்று சொன்னார். அதைக் கேட்டதும், கீழே இறங்கி வந்திருந்த நல்லுறவு அலுவலருக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. மாமனாரின் காலைப் பிடித்துவிட்டபடி கட்டிலோரமே உட்கார்ந்து சர்ஜனுக்குப் போன் போட்டார். பக்கத்தில் நின்ற மனைவி போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"எல்லாம் பிரமாதமா முடிஞ்சுது!" சர்ஜனின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "ஆலோசகர் எழுந்து உக்காந்துட்டாரு."

"சார், இங்க எங்க மாமாவுக்கு... நீங்க உடனே கிளம்பி வர முடியுமா?"

"ஐயையோ, உடனேயா? இங்க நாளைக்கு வரிசையா ஆபரேஷன் குடுத்துட்டாங்களே! நீங்க ஒண்ணு பண்ணுங்க, பெரியவரை இங்க கொண்டுவந்துடுங்க. அவருக்குப் பாலிசி இருக்கா?"

மனைவி கணவரை முறைத்தாள்.

"சரி, நான் எப்படியாவது சீக்கிரம் வரப் பார்க்கறேன்" என்று சர்ஜன் அவசரமாகத் தொடர்ந்தார். "உங்க வேலையைப் பத்திக் கவலைப்படாதீங்க. கம்பெனிக்காரங்க அவங்களே அனுப்பச் சொல்லிட்டு, பில்லுக்குக் காரணம் கேட்டாங்க. எதுக்காக நோயாளியை விமானத்துல ஏத்தி இவ்வளவு தூரம் கொண்டுவந்தீங்கன்னு. அந்த ஊர்ல சர்ஜன் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். பொய்யும் கிடையாது பாருங்க. நான்தான் இங்க இருக்கேனே!"

போன் அணைந்தது. போர்வைக்குள்ளிருந்து மாமனார் மெதுவாகக் கையை நீட்டி மருமகனின் கையைப் பிடித்தார். கை கொதித்தது.

"தங்கமான டாக்டர் மாப்பிள்ளை" என்றார். குளிரில் பல் தந்தியடிக்கப் பேசினார். "ஊர்ல சர்ஜன் இல்லைன்னு எழுதுனவரு, யாரால இல்லைன்னு எழுதல பாருங்க. உங்களை அவரு வீட்டு ஆளா நினைச்சிருக்காரு."