துத்தத்துக்குள் ஒளிந்திருந்த தண்ணீர்

அணுவையே அடக்கி ஆளும் அணுசக்தி நகர் மாப்பிள்ளை வேல்ராஜ் அவர்களுக்கு, தாராவியிலிருந்து மாமனார் சுடலைக்கண்ணன் எழுதிக்கொண்டது. உடம்பு நலம், மானத்துக்குத்தான் சற்றுக் காய்ச்சல். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுகிறீர்கள், ஆகவே கடிதம்.

போன ஞாயிறு மீன்குழம்பைப் பிசைந்துகொண்டே, "மாமா, ஒங்க பட்டறை மயில்துத்தம் இருக்கே, அந்த நீலக் கல்லு, அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல தண்ணிதான், கல்லுக்குள்ளயே கட்டிக் கெடக்கு" என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அதன்பின் எனக்குச் சோறு இறங்கவில்லை. குழாயடியில் ஒரு குடத்துக்கு நாங்கள் உலகப்போர் நடத்துகிறோம், இந்த வியாபாரி நெல்லையப்பன் தண்ணியைக் கல்லுக்குள் ஒளித்து மூட்டை மூட்டையாக விற்கிறானா? பெல்ட் பக்கிளுக்குச் செம்பு முலாம் பூசும் பட்டறையில் ஸ்டோர் சாவியை இடுப்பில் செருகியிருக்கும் நான் இதைப் பொறுப்பேனா?

மறுநாளே ஒரு மூட்டையைப் பிரித்து, இரும்பு வாணலியில் கொட்டி, ரவை வறுக்கிற பக்குவத்தில் வறுத்தேன். ஆவி கிளம்பியது பாருங்கள், மாட்டுங்கா ஸ்டேஷன் வரைக்கும் மூட்டம், ரயிலெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு ஊர்ந்ததாகக் கேள்வி. நீலம் வெளுத்து வெளுத்துக் கடைசியில் வெள்ளைப் பொடி. திரும்ப மூட்டையில் கட்டி நிறுத்துப் பார்த்தேன், நீங்கள் சொன்ன பங்கைக் காணோம். திருடன் அகப்பட்டான்!

அந்நேரம் முதலாளி ஜெயினுலாப்தீன் பாய் உள்ளே வந்தார். அவர் முகம் பொடியைவிட வெளுத்தது.

"வே சுடலை, துத்தம் எங்கவே?"

"இதுதான் பாய். தண்ணிய மட்டும் வெரட்டிட்டேன்."

"யாருகிட்ட கத விடுதீரு? துத்தத்த வித்துட்டுச் சுண்ணாம்ப வச்சிருக்கீரு. சாவியக் குடும்."

"தல போனாலும் சாவி போவாது பாய்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள நீலக் கல்லு வரல, சாவியும் வேண்டாம் நீரும் வேண்டாம்."

மாப்பிள்ளை, இத்தனை வருஷத்தில் ஒரு திருகாணிகூட என் பைக்குள் வழிதவறி வந்ததில்லை. என்னையா கள்ளன் என்பது? சாவியைத் தரமாட்டேன். வேறு மூட்டை வாங்கி வைத்துச் சமாளிக்க மாட்டேன். சாட்சி சொல்ல வாருங்கள் என்று உங்களைக் கெஞ்சவும் மாட்டேன் (வந்தால் ஆபீஸ் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரவும்). தண்ணீர் விற்கிறவனை உயிருள்ளமட்டும் எதிர்ப்பேன். அந்தப் பொடிமேல் இனி ஒரு சொட்டு விழவிடமாட்டேன், இது சுடலைமாடன்மேல் ஆணை.

மகள் மாரீஸ்வரிக்கு என் ஆசி. உங்கள் வீட்டில் தண்ணீர் எந்நாளும் குழாய் வழியாக மட்டுமே வரக்கடவது.

இப்படிக்கு,
தலைகுனியாத மாமனார்,
சுடலைக்கண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மழை பிடித்துக்கொண்டது. ஸ்டோர் தகரம் ஒழுகி, பொடி புஸ்ஸென்று சூடேறி, நீலமோ நீலம்! மூட்டை கல்லுப்பிள்ளையார் மாதிரி கட்டியாக உட்கார்ந்திருக்கிறது. பாய் தொட்டுப் பார்த்து, "மன்னிச்சிரும்வே சுடலை, எப்படிவே செஞ்சீரு?" என்றார். "தகரத்துல ஓட்டையே நான் போட்டதுதான் பாய்" என்றேன். சாவி இடுப்பிலேயே இருக்கிறது. எடையும் திரும்பிவிட்டது, கொஞ்சம் கூடுதலாகவே. நெல்லையப்பன் உத்தமன். ஆகவே நீங்கள் சாட்சிக்கு வரவேண்டாம். வேறு எந்தெந்தக் கல்லு எவ்வளவு தண்ணி குடிக்கும் என்று மட்டும், மழைக்காலம் முடிவதற்குள் எழுதவும்.