எட்டாவது மாட்டின் மூச்சு

அன்பும் அறிவும் ஒருசேர வளர்ந்த என் அக்கா மகளுக்கு, உன் தாய்மாமன் ஆசிகளுடன் எழுதுவது. இங்கு நானும் எட்டு மாடுகளும் சுகம். இப்படியெல்லாம் நடக்கும் என்று நான் அன்றே சொன்னேன். உன் அம்மாதான் காதில் வாங்கவில்லை.

நீ இல்லாத நேரம் பார்த்து இன்று காலை பால் சங்கத்து அதிகாரியம்மா வந்து இறங்கினார். மாடு விடும் ஏப்பத்தில் இருக்கிற மீத்தேன் உன் கடற்பாசிப் பொடியால் குறைகிறதா என்று பார்க்க வேண்டுமாம். "பன்னெண்டு மணிக்குள்ள எட்டு மாடும் அளந்தாகணும். ஒண்ணு விட்டுப்போனாலும் சோதனை ரத்துதான்" என்றார். உன் மூன்று வருட உழைப்பு! பயத்தை முகத்தில் காட்டுவேனா? "நான் பார்க்காத மீத்தேனா!" என்று அவரை, அளவுகள் வந்து விழும் கம்ப்யூட்டர் அறையில் உட்காரவைத்துவிட்டுத் தொழுவத்துக்கு ஓடினேன்.

ஏழு மாடுகள் தங்கமாக அளவுப்பெட்டிக்குள் தலையை நீட்டி, தீனி தின்று, ஏப்பம் விட்டன. எட்டாவது நம் சண்டைக்காரி. பெட்டி அவள் காதில் மாட்டிய அடையாள வில்லையைப் படித்ததுமே தலையை உருவிக்கொண்டாள். தள்ளினேன், அசையவில்லை, கெஞ்சினேன், என் காலை மிதித்தாள், மணியோ பதினொன்று ஐம்பத்தைந்து, மூன்று நிமிடமாவது தலை உள்ளே இருந்தாக வேண்டும், அறையிலிருந்து வேறு குரல்: "என்னங்க, மாடு வருதா இல்லையா?"

"வந்துக்கிட்டே இருக்கும்மா!"

அப்போது சண்டைக்காரியை ஒரு பார்வை பார்த்தேன் பார், புலியே பம்மியிருக்கும். சாதுவாகத் தலையை உள்ளே விட்டாள்.

அதிகாரியம்மா ஓடி வந்தார். "இவ்வளவு குறைவா எந்த மாட்டுக்கும் பார்த்ததே இல்லைங்க! மிஷின் நல்லாத்தானே இருக்கு?"

"மிஷினுக்கென்ன? வளர்ப்பு அப்படி" என்றேன்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அந்த எண்ணை நீயே மேடையேறி வாசிக்க வேண்டுமாம். வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் புகழ் எட்டுத் திசையும் பரவ வாழ்த்தும்,
உன் தாய்மாமன்.

பி.கு.: கண்ணு, அந்த எண்ணை மட்டும் வாசித்துவிடாதே. போனில் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால்தான் கடிதம். ஏழு மாடுகளின் அளவு சத்தியமாக உண்மை. ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. எப்படியாவது அந்த அம்மாவிடம் இன்னொரு நாள் கேள். அந்தப் பார்வை சமாசாரம் என் கைச்சரக்கு. சண்டைக்காரி கடைசிவரை மசியவில்லை. அந்த மூன்று நிமிடமும் பெட்டிக்குள் இருந்தது என் தலை.